மகேந்திரன் படங்களில் எது முதல்? பாட்டைத் தாண்டிப் பார்த்தால் வரிசை மாறும்

கேள்வி இது: “நண்பர்கள் சேர்ந்து இயக்குநர் மகேந்திரனின் படங்களை வரிசைப்படுத்த உட்கார்ந்தோம். ஒருவர் ‘உதிரிப்பூக்கள்’தான் என்கிறார், இன்னொருவர் ‘முள்ளும் மலரும்’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஓட்டெடுத்தால் ‘ஜானி’ ஜெயிக்கிறது. இதை எப்படித்தான் முடிவு செய்வது?”

சுற்றி வளைக்காமல் என் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். உதிரிப்பூக்கள், முள்ளும் மலரும், ஜானி, நெஞ்சத்தைக் கிள்ளாதே, பூட்டாத பூட்டுகள், மெட்டி, சாசனம், நண்டு, கை கொடுக்கும் கை, அழகிய கண்ணே, கண்ணுக்கு மை எழுது, ஊர்ப் பஞ்சாயத்து. 1978 முதல் 2006 வரை அவர் இயக்கி வெளிவந்தவை இந்த 12 படங்கள். முதல் நான்குக்குள் சண்டை போடலாம், அது நியாயமான சண்டை. நான்குக்குக் கீழே நடக்கும் சண்டையில் பாதி, படத்தைப் பார்க்காதவர்கள் போடுவது.

பட்டியலுக்குள் எது வரும் என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். ‘தங்கப்பதக்கம்’ மகேந்திரன் எழுதியது, உண்மை. ஆனால் 1974-இல் அதை இயக்கியவர் பி. மாதவன். ‘ஆடு புலி ஆட்டம்’ எஸ்.பி. முத்துராமனுடையது. கதை வசனம் எழுதிய படங்களையும் சேர்த்து எண்ணினால் இயக்குநர் பட்டியல் எழுத்தாளர் பட்டியல் ஆகிவிடும். இடம் கொடுக்க வேண்டாம், ஆனால் ‘தங்கப்பதக்கம்’ படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ‘உதிரிப்பூக்கள்’ பக்கம் வாருங்கள். கைதட்டலுக்கென்றே நிறுத்தி நிறுத்திப் பேசும் வசனத்தில் தேர்ந்த ஒரு கை, ஐந்தே ஆண்டில் அதையெல்லாம் உதறிவிட்டு ஒரு பார்வையில் காட்சியை முடிக்கிறது. அவர் எதை விட்டு ஓடி வந்தார் என்பது தெரிந்தால்தான் எங்கே போய் நின்றார் என்பது புரியும்.

இனி ‘ஜானி’ ஏன் ஓட்டில் ஜெயிக்கிறது என்பதைப் பார்ப்போம். ஸ்ரீதேவியும் இரட்டை வேட ரஜினியும் ஒரு காரணம். பெரிய காரணம் பாட்டு. ‘ஒரு இனிய மனது’, ‘என் வானிலே’, ‘ஆசையக் காத்துல தூது விட்டு’, ‘சினோரீட்டா’, ‘காற்றில் எந்தன் கீதம்’: ஐந்தில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. படத்தைக் கடைசியாக எப்போது முழுதாகப் பார்த்தோம் என்பது பலருக்கு நினைவிருக்காது, பாட்டை மட்டும் வாராவாரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போடும் ஓட்டில் பாதி இளையராஜாவுக்குப் போய்ச் சேர வேண்டியது. 1978 முதல் 1986 வரை வந்த மகேந்திரனின் பத்துப் படங்களுக்கும் அவரே இசை என்பதால் இந்தக் கலப்படம் எல்லாப் படத்திலும் உண்டு, ‘ஜானி’யில் கொஞ்சம் தூக்கல்.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பாட்டு ஆரம்பிக்கும்போது தாண்டிவிடுங்கள், முடிந்த இடத்திலிருந்து மறுபடி பாருங்கள். பின்னணி இசையைத் தொட வேண்டாம், அது காட்சியோடு சேர்ந்தது. தாண்டிய பிறகு கதை விளங்காமல் போனால் திரும்பி வந்து அந்தப் பாட்டையும் பாருங்கள், அது படத்துக்குள் இருக்க வேண்டிய பாட்டு. விளங்கினால் அந்தப் பாட்டுக்கான மதிப்பெண்ணை இயக்குநர் கணக்கில் ஏற்ற வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் நடப்பது சுவாரசியமானது. ‘ஜானி’யில் ‘சினோரீட்டா’ போனால் ஒன்றும் குறையாது. ஆனால் ‘காற்றில் எந்தன் கீதம்’ பாட்டைத் தாண்ட முடியாது, ஏனென்றால் கிளைமாக்ஸே அதுதான். ஸ்ரீதேவி நடித்த அர்ச்சனா ஒரு பாடகி. ஜானி வருவான் என்று கொட்டும் மழையில் ஆளில்லாத அரங்கைப் பார்த்துப் பாடிக்கொண்டிருக்கிறாள். அவள் பேச வேண்டியதெல்லாம் பாட்டில் இருக்கிறது. ‘முள்ளும் மலரும்’ படத்தின் ‘செந்தாழம் பூவில்’ இதற்கு அடுத்தபடி. ஜீப் மலைப்பாதையில் போகிறது, எஞ்சினீயர் பாடுகிறார், நாயகன் காளியின் தங்கை வள்ளி பார்க்கிறாள். காதல் என்ற வார்த்தை வராமலே காதல் தொடங்கிவிடுகிறது. இந்தப் பாட்டை எடுக்கத் தயாரிப்பாளர் செலவு செய்ய மறுத்தபோது கமல்ஹாசன் உதவினார் என்பது சினிமா வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மகேந்திரன் அதற்காக அவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்பது, அதைத் தாண்டிவிட்டுப் படம் பார்த்தால் உடனே தெரியும். வள்ளி எப்போது மனம் மாறினாள் என்று தேட வேண்டியிருக்கும்.

பாட்டுகளைக் கழித்த பிறகும் ‘ஜானி’ மூன்றாம் இடத்தில் நிற்கிறதென்றால், அது பெரும்பாலும் முடிதிருத்தும் வித்யாசாகர் கதையால். திருடன் ஜானியின் கதை அக்காலத்து மசாலாவோடு அங்கங்கே சமரசம் செய்துகொள்கிறது. வித்யாசாகர் பகுதியில் அது இல்லை. காசுக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு மனிதன் வீட்டில் ஒரு பெண்ணைச் சேர்த்து, அவளை மணந்துகொள்ள நினைக்கிறான். அவளோ வசதியான இன்னொருவன் பக்கம் சாய்கிறாள். அவளிடம் அவன் சொல்வது: உலகத்தில் எதை எடுத்தாலும் ஒன்றைவிட ஒன்று பெட்டராகத்தான் தெரியும், அதற்காக மனசை மாற்றிக்கொண்டே போக முடியுமா? (தரவரிசை போடுகிறவர்கள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய வசனம்.) அர்ச்சனா தன் காதலைச் சொல்லும் காட்சி இன்னொரு சான்று. ஜானி தயங்க, தன்னைப் பற்றித் தப்பாக நினைத்துத்தான் தயங்குகிறான் என்று அவளாகவே முடிவு செய்து படபடவென்று பொரிகிறாள். சமாதானமான பிறகு, ஏன் அப்படிப் படபடன்னு பேசிட்டீங்க என்று அவன் கேட்க, நான் அப்படித்தான் பேசுவேன் என்கிறாள். ஐ லவ் யூ என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் காட்சிக்கு எந்தப் பாட்டும் முட்டுக்கொடுக்கவில்லை.

சரி, முதலிடத்துக்கு வருவோம்.

‘முள்ளும் மலரும்’ 1978-இல் வந்தது. உமாசந்திரனின் நாவல் அடிப்படை, ஆனால் நாவலைப் படித்தவர்கள் படத்தில் அதைத் தேட வேண்டியிருக்கும். அவ்வளவு விலகிப் போயிருக்கிறார். மலையில் கம்பிவடத்தால் இழுக்கும் வண்டியை இயக்கும் விஞ்ச் ஆபரேட்டர் காளி, அவன் தங்கை வள்ளி, புதிதாக வந்த எஞ்சினீயர் குமரன். எஞ்சினீயர் கெட்டவர் இல்லை என்பதுதான் திரைக்கதையின் நுணுக்கம். காளி விதியை மீறுகிறான், அவர் தண்டிக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, நம் மனசு காளி பக்கம் இருக்கிறது. கையை இழந்தபின், ரெண்டு கை ரெண்டு கால் போனாலும் காளி பிழைத்துக்கொள்வான், கெட்ட பய சார் அவன் என்று காளியே சொல்லும் இடத்துக்கு இன்றும் திரையரங்கு அதிரும். ஆனால் படத்தின் உச்சம் அது இல்லை. கடைசியில் தங்கையை எஞ்சினீயரிடமே ஒப்படைத்துவிட்டு, இப்பக்கூட எனக்கு உங்களைப் பிடிக்கல சார் என்கிறானே, அங்கே இருக்கிறது. அன்றைய வழக்கப்படி அந்த இடத்தில் மன்னிப்பும் கண்ணீரும் தழுவலும் வந்திருக்க வேண்டும். காளி அரை அடிதான் நகர்கிறான். முழுசாகத் திருந்தியிருந்தால் அவன் காளியே இல்லை.

‘முதலிடம் இதற்கே’ என்பவர்களின் வலுவான வாதம் இந்த முடிவுதான். எதிர்த்தரப்பில் சிலர் சொல்லும் பதில் தவறானது: அந்தப் படத்தின் அழகு ஒளிப்பதிவாளர் பாலுமகேந்திராவுடையது, நடிப்பு ரஜினியும் ஷோபாவும் கொடுத்தது, இயக்குநருக்கு மிச்சம் என்ன என்கிறார்கள். அப்படிப் பிரித்துக்கொண்டே போனால் எந்த இயக்குநருக்கும் ஒன்றும் மிஞ்சாது. சரியான சோதனை, அடுத்த படத்தில் யார் இல்லை என்று பார்ப்பது. 1979-இல் ‘உதிரிப்பூக்கள்’ வருகிறது. ரஜினி இல்லை, ஷோபா இல்லை, கேமரா அசோக்குமார் கையில். ஆனாலும் அதே நிதானம், அதே அடக்கம், காட்சியைச் சொல்லி முடிக்காமல் விட்டுவிடும் அதே பழக்கம். நட்சத்திரமும் ஒளிப்பதிவாளரும் மாறியும் மாறாமல் நிற்பது எதுவோ, அதுதான் இயக்குநருடையது.

‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பியது. எழுத்தில் மாற்றாந்தாய் கையில் இருக்கும் பிள்ளைகளே மையம். படம் அதற்கு முந்தைய கட்டத்திலேயே கதையைப் பிடித்துவிடுகிறது: அம்மா லட்சுமி உயிரோடு இருக்கிறாள், நோயில் கிடக்கிறாள், அப்பா சுந்தரவடிவேலு அவள் தங்கையையே இரண்டாம் தாரமாகக் கேட்கிறார். ஊருக்குப் பெரிய மனிதர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர். விஜயன் இந்த வேடத்தில் குரலை உயர்த்துவதே அபூர்வம். நம்பியார் பாணியில் கையைப் பிசைந்திருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும், வில்லன் என்று ஒதுக்கிவிடலாம். இவர் சிரித்த முகமாகக் கொடுமை செய்கிறார். பக்கத்து வீட்டு ஆளைப் பார்ப்பது போலவே இருக்கிறது, அதுதான் பயம்.

முடிவுக் காட்சியை மட்டும் தனியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஊரே திரண்டு அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. அடிதடி இல்லை. நீயே இறங்கிவிடு என்கிறார்கள். அவர் ஊரைப் பார்த்துச் சொல்வதன் சாரம் இது: நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு, உங்கள் எல்லோரையும் என்னைப் போல மாற்றிவிட்டதுதான். பிள்ளைகளிடம் விடைபெற்றுவிட்டு இறங்குகிறார். பிள்ளைகள் கரையில் நிற்கிறார்கள். படம் முழுக்க ‘இவன் செத்தால் தேவலை’ என்று நினைத்துக்கொண்டிருந்த பார்வையாளருக்கு, நினைத்தது நடக்கிறது. நடந்ததும் கை கறைபட்டது போல் இருக்கிறது. ‘முள்ளும் மலரும்’ முடியும்போது திருப்தியோடு எழுந்து போகலாம். இங்கே எழுந்து போக முடியவில்லை. என் கணக்கில் ஒரு புள்ளி கூடுதல் அதற்குத்தான்.

குறையும் உண்டு. கிளைமாக்ஸுக்கு முன் அவர் மைத்துனியை அவமானப்படுத்தும் காட்சி, ஊர் கொந்தளிப்பதற்குக் காரணம் வேண்டுமே என்று வைத்ததாகத் தெரிகிறது. அதுவரை மறைவாகக் கொடுமை செய்துவந்த ஆள் திடீரென்று வெளிப்படையாக இறங்குகிறார். அந்தத் தையல் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இதைச் சுட்டிக்காட்டி யாராவது ‘முள்ளும் மலரும்’ படத்தை மேலே ஏற்றினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ நான்காவதா என்று கோபப்படுகிறவர்கள் மூன்று தேசிய விருதுகளை எடுத்து நீட்டுவார்கள்: சிறந்த தமிழ்ப் படம், அசோக்குமாருக்கு ஒளிப்பதிவு, எஸ்.பி. ராமநாதனுக்கு ஒலிப்பதிவு. அதில் இரண்டு விருதுகள் ஒளிக்கும் ஒலிக்கும் போனவை என்பதைக் கவனியுங்கள். விருது அந்தந்த ஆண்டில் போட்டிக்கு வந்த படங்களோடு ஒப்பிட்டுக் கொடுப்பது. ஒரே இயக்குநரின் இரண்டு படங்களை ஒப்பிட அது உதவாது. சுகாசினிக்கு முதல் படம், மோகன், பிரதாப் போத்தன், பனியில் ஓடும் ‘பருவமே புதிய பாடல் பாடு’, அந்தப் பாட்டுக்கு ஓட்டத்தின் காலடிச் சத்தமே தாளம். எல்லாம் சரிதான். மனம் ஒட்டாத கணவன் மனைவியை ஒரே கூரைக்குக் கீழே வைத்து, கத்தாமல் கதை சொன்னதில் பின்னால் வந்த பலருக்கு இது முன்னோடி. ஆனால் சந்தேகத்தால் காதல் முறிவது கதையின் தேவைக்காக அவசரமாக நடக்கிறது. அந்த ஒரு முடிச்சு வலுவாக இருந்திருந்தால் ‘ஜானி’யைத் தாண்டியிருக்கும்.

அதற்குக் கீழே வேகமாகப் போகலாம். ‘பூட்டாத பூட்டுகள்’ பொன்னீலன் கதை, மலையாள நடிகர் ஜெயன் நடித்தது. பிள்ளையில்லாத வீட்டில் மனைவியின் மனம் வேறு பக்கம் போவதை 1980-இல் தீர்ப்புச் சொல்லாமல் காட்டிய தைரியத்துக்காகவே ஐந்தாம் இடம். ‘மெட்டி’யை ‘மெட்டி ஒலி காற்றோடு’ பாட்டாக மட்டும் அறிந்தவர்கள் அதிகம், படத்தையும் பாருங்கள். ‘நண்டு’ சிவசங்கரியின் நாவல். வடநாட்டு நாயகனுக்காக இந்திப் பாட்டையே வைத்த துணிச்சல் பிடிக்கும், இரண்டாம் பாதி நோயின் பாரத்தில் தளர்கிறது. ‘கை கொடுக்கும் கை’ கன்னடத்தில் புட்டண்ணா கனகல் எடுத்த ‘கதா சங்கமா’வின் ஒரு பகுதியிலிருந்து வந்தது. அங்கே வில்லனாக வந்த ரஜினி இங்கே கணவனாக வருகிறார். ரஜினி ரசிகர்கள் இதை ஐந்துக்குள் கொண்டுவருவார்கள். அரை மணி நேரக் கதையை முழுப்படமாக இழுத்ததன் தொய்வு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

கூட்டாக ஓட்டெடுக்கும் முறையையும் மாற்றுங்கள். முதலிடத்துக்கு 12, அடுத்ததுக்கு 11 என்று புள்ளி போட்டுக் கூட்டுவதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட குழுவில் ‘சாசனம்’ பார்த்தவர்கள் நான்கு பேர், நால்வரும் ஐந்தாம் இடம் தருகிறார்கள் என்று வையுங்கள். எட்டு எட்டாக 32 புள்ளி. பத்துப் பேரும் பார்த்த ஒரு படத்துக்கு எல்லோரும் ஒன்பதாம் இடம் தந்தால், நான்கு நான்காக 40. பார்த்தவர்கள் ஐந்தாவது என்று சொன்ன படம், ஒன்பதாவது படத்துக்குக் கீழே போய்விடுகிறது. படம் மோசம் என்பதால் இல்லை, ஆள் பார்க்கவில்லை என்பதால்.

இதற்கு மாற்று, இரண்டிரண்டாக மோதவிடுவது. இரண்டு படத்தையும் பார்த்தவர்கள் மட்டும் அந்த ஜோடிக்கு ஓட்டுப் போட வேண்டும். 12 படங்களுக்கு 66 ஜோடி வரும், ஒரே நாளில் முடியாது. முதல் ஐந்துக்கு மட்டும் செய்தால் பத்தே ஜோடி, ஒரு மாலை போதும். சில சமயம் வட்டமடிக்கும்: ‘முள்ளும் மலரும்’ ‘ஜானி’யை வெல்லும், ‘ஜானி’ ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யை வெல்லும், அது திரும்பி வந்து ‘முள்ளும் மலரும்’ படத்தை வெல்லும். ஆளுக்கு ஆள் வரிசை வேறுபட்டாலே இது வரலாம். ஓட்டுப் போட்டவர்கள் ஜோடிக்கு ஜோடி அளவுகோலை மாற்றினாலும் வரும், முதலில் திரைக்கதை, அடுத்து பாட்டு, அதற்கடுத்து ஒளிப்பதிவு என்று. அந்த மூன்று ஜோடியை மட்டும் ஒரே அளவுகோல் வைத்து மறுபடி ஓட்டுக்கு விடுங்கள். பல சமயம் அவிழ்ந்துவிடும்.

எந்தப் பிரிண்ட்டைப் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். டிவிக்காக வெட்டிய பிரதியைப் பார்த்துவிட்டுத் திரைக்கதை தாவுகிறது என்று சொல்லிப் பயனில்லை. படம் தொடங்கும் முன் வரும் தணிக்கைச் சான்றிதழில் நிறுத்துங்கள், நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 27.4 மீட்டர். ஆக 4,000 மீட்டர் என்றால் ஏறக்குறைய 146 நிமிடம். உங்கள் பிரதி 140 நிமிடம் ஓடினால் பதற வேண்டாம். பழைய வீடியோ மாற்றத்தில் நொடிக்கு 25 பிரேமாக ஓட்டியிருப்பார்கள், 4 சதவீதம் சுருங்கும், குரலும் சற்றே கீச்சென்று கேட்கும். 125 நிமிடம் என்றால்தான் வெட்டு. வெட்டுகிறவர்கள் பாட்டில் கை வைக்க மாட்டார்கள், பேச்சில்லாத காட்சிகளில்தான் வைப்பார்கள். மகேந்திரன் படத்தில் பேச்சில்லாத காட்சி போனால் முதுகெலும்பு போன மாதிரி.

கடைசியாக, ‘சாசனம்’ ஏன் ஏழாவது என்ற கேள்வி வரும். அர்விந்த் சாமி, கௌதமி, ரஞ்சிதா நடித்து, தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்து, நெடுநாள் முடங்கிக் கிடந்து 2006-இல் வெளிவந்த படம். கதை கந்தர்வனுடையது: செட்டிநாட்டில் தத்துக் கொடுக்கப்பட்டவன், பிறந்த வீட்டுக்கே அந்நியனாகிப்போவது. மேலே சொன்ன சோதனையில் ரஜினியையும் பாலுமகேந்திராவையும் கழித்துப் பார்த்தோம். இளையராஜாவைக் கழித்துப் பார்க்க வேண்டுமென்றால் கையில் இருப்பது இந்தப் படம், இசை பாலபாரதி. பெரிய வீடுகளின் வெறிச்சோடிய முற்றங்களில் மனிதர்கள் பேசாமல் நிற்கும்போது, பழைய மகேந்திரன் அங்கங்கே தலைகாட்டுகிறார். ஆனால் அந்த மௌனத்தை ஏந்திப் பிடிக்க ஓர் இசை இல்லாததும் அதே இடங்களில் தெரிகிறது. ‘உதிரிப்பூக்கள்’ முடிந்த மறுநாளே இதைப் போட்டுப் பாருங்கள்.